முழங்கால் அளவு தண்ணீர்

இயற்கை பெரிய உழைப்பாளி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை இழுத்து நீட்டி, ஆந்தையின் கண்ணை அகட்டி, சிறுத்தையின் உடம்பெல்லாம் புள்ளி குத்தி, யுகயுகமாக அது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் நடந்த வேலை எப்படி இருக்குமோ, அப்படித்தான் அதுவும் இருந்தது. அந்தக் குறைகளையெல்லாம் ஒரே கோடையில் களைந்து, விலங்குகளைப் பார்வையாளர்களுக்கு ஏற்றபடி திருத்தி அமைத்த பெருமை, நகர உயிரியல் பூங்காவின் புதிய இயக்குநரைச் சேரும். அந்தத் திருப்பணியில் அவருக்கு வலது கையாக நின்றவர் பலகையார். இது பலகையார் உயர்ந்த கதை.

பூங்காவில் கூண்டுக்குக் கூண்டு நிற்கிற விளக்கப் பலகைகளை எழுதுகிறவர் என்பதால், வாயிற்காவலர் முதல் சீட்டு கிழிக்கிறவர் வரை எல்லோருக்கும் அவர் பலகையார்தான். பதவியின் பெயர் ‘கல்வி அலுவலர்’. விலங்கியல் படித்தவர், படித்ததை மறக்காதவர். எந்த விலங்குக்கு எந்த உறுப்பு எதற்காக அப்படி அமைந்தது என்று கேட்டால், கேட்டவர் களைத்துப்போகும்வரை சொல்வார். பலகையில் எழுதும்போது மட்டும் கஞ்சத்தனம். ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் கிடப்பார். ஆந்தைக் கூண்டின் முன்னால் அவர் எழுதி வைத்திருந்தது இது: ‘இதன் சிறகோரம் சீப்புப்போலப் பிசிறு விட்டிருக்கும். அதனால் பறக்கும்போது சத்தம் வராது. எலிக்குச் செய்தி தெரியும்போது எலி இருக்காது.’ இதைப் படித்துவிட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். குழந்தைகள் ஒருகணம் யோசித்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பலகையார் தூரத்தில் நின்று இரண்டையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏறக்குறையப் போதுமானதாக. துணை இயக்குநரின் அறை நெடுநாளாகப் பூட்டிக் கிடந்தது. கதவில் பெயர் மாட்டுவதற்கு அடித்த ஆணி மட்டும் இருந்தது. ஊர்ப்பட்ட பிராணிகளுக்கெல்லாம் பெயர் எழுதி மாட்டுகிறவருக்கு, அந்த ஆணியைத் தாண்டும்போது கண் கொஞ்சம் தங்கிப்போகும்.

புதிய இயக்குநர் அதற்கு முன் ஒரு மாபெரும் வணிக வளாகத்தில் காட்சிப் பிரிவைக் கட்டி ஆண்டவர். கண்ணாடிக்குள் வைத்த பொருள் வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது அவருடைய வாழ்க்கைத் தத்துவம். கெட்ட மனிதர் இல்லை. விலங்குகளிடம் அவருக்கு எந்தப் பகையும் கிடையாது. எந்த அறிமுகமும் கிடையாது. வந்த முதல் நாளே பூங்காவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். பலகையார் குடை பிடித்தபடி கூடப் போனார்.

குச்சிப்பூச்சி இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன் இயக்குநர் வெகுநேரம் நின்றார். உள்ளே சில காய்ந்த குச்சிகள்.

“இதுல எப்ப சரக்கு வரும்?” என்று கேட்டார்.

“வந்து ரொம்ப நாளாச்சு சார்,” என்றார் பலகையார். “உங்களையேதான் பாத்துட்டிருக்கு.”

இயக்குநர் ஒரு அடி பின்வாங்கினார். சிறுத்தையிடம் வந்தபோது அவர் முகம் இன்னும் இறுகியது. அங்கே ஒரு மரம் இருந்தது, மரம் நிறைய வெயிலும் நிழலும் இருந்தன, சிறுத்தையைக் காணோம். இலை நிழலும் உடம்புப் புள்ளியும் ஒன்றாகத் தெரிவதால் பார்த்ததும் பிடிபடாது என்று பலகையார் விளக்கினார்.

“இதுக்குச் சாப்பாடு போடறது யாரு?”

“நாமதான் சார்.”

“யாராவது இதை அடிக்கிறாங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப யார்கிட்டருந்து மறையுது?”

விலங்கியலில் இந்தக் கேள்வி இதுவரை யாராலும் கேட்கப்படாதது. மறுநாள் மரம் வெட்டப்பட்டது. பின்சுவர் வெளிர்நீலத்தில் பளபளத்தது. சிறுத்தை அந்தச் சுவரோரமாகக் காலையிலிருந்து மாலைவரை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தது. வந்தவர்கள் இவ்வளவு சுறுசுறுப்பான சிறுத்தையைப் பார்த்ததே இல்லை என்றார்கள். ஆந்தைக் கூண்டில் பகலில் விழித்திருக்க ஒரு மின்மணி பொருத்தப்பட்டது. மணி அடிக்கும்போதெல்லாம் ஆந்தை உடம்பை அசைக்காமல் முகத்தை மட்டும் முழுசாகப் பின்னால் திருப்பிக்கொள்ளும். அந்தக் கழுத்து அமைப்பு எதற்காக என்று பலகையார் புத்தகங்களில் படித்திருந்தார். எந்தப் புத்தகத்திலும் இந்தக் காரணம் இல்லை.

மாறிய விலங்குகளுக்கு ஏற்பப் பலகைகளையும் அவர்தான் மாற்றி எழுதினார். சிறுத்தைக்கு ‘நடைப்பயிற்சியில் நாட்டமுள்ளது’. ஆந்தைக்கு ‘வெட்கப்படும்’. முன்பெல்லாம் ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் எடுத்தவருக்கு இப்போது ஒரு தேநீர் ஆறுவதற்குள் ஒரு பலகை முடிந்தது.

அடுத்ததாக முறை வந்தது நீர்யானைக்கு.

பூங்காவின் நீர்யானைக்கு வயதாகியிருந்தது. அதைக் கவனித்துக்கொள்ளும் பெண் காப்பாளர் அதைப் ‘பெரியவர்’ என்றுதான் சொல்வார். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. காப்பாளரை எல்லோரும் ‘அக்கா’ என்பார்கள். பலகையாரைவிட அவர் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் பலகையாருக்கும் அவர் அக்காதான். பெரியவர் குட்டியாகக் கூண்டு வண்டியில் வந்து இறங்கிய நாள் பலகையார் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவர் எழுதிய முதல் பலகையே பெரியவருக்குத்தான். ‘கண், காது, மூக்கு மூன்றையும் தலையின் உச்சியிலேயே வைத்திருக்கிறது. உடம்பைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, உலகத்தைக் கவனிக்க வேண்டியதை மட்டும் மேலே வைத்துக்கொள்ளும்.’ அதன் கீழே சின்ன எழுத்தில் ஓர் எச்சரிக்கை: ‘பின்பக்கத்தைக் காட்டினால் விலகி நிற்கவும். தன் எல்லையை அறிவிக்க, சாணமிடும்போதே வாலை விசிறிபோலச் சுழற்றும்.’ இந்த எச்சரிக்கை பூங்காவின் கௌரவத்துக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இயக்குநர் முதல் வாரத்திலேயே அதை அழிக்கச் சொல்லியிருந்தார். வாய்மொழியாகத்தான் சொன்னார். பலகையாரும் எழுத்துமூலம் கேட்கவில்லை. கேட்பது மரியாதையாக இருக்காது என்று அழித்துவிட்டார்.

‘காட்சித்தன்மை மேம்பாட்டுக் குழு’ கூடியது. இயக்குநர், பலகையார், உணவுக் கிடங்கு மேலாளர் ஆகிய மூவரும் குழு. கால்நடை மருத்துவர் ஓய்வுபெற்றுப் போனபின் அந்தப் பணியிடம் நிரப்பப்படவில்லை. மருத்துவப் பொறுப்பு ‘கூடுதலாக’க் கிடங்கு மேலாளரிடம் இருந்தது. கருவாடு எது, மருந்து எது என்று வாசனையைக் கொண்டே பிரித்துச் சொல்லக்கூடியவர் என்பதால் அந்தத் தேர்வை யாரும் குறை சொன்னதில்லை. அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலி போதாததால் அவர் கதவோரம் நின்றார்.

“ஒரு குடும்பம் டிக்கெட் வாங்கி உள்ள வருது,” என்று இயக்குநர் ஆரம்பித்தார். “நீர்யானை பாக்கணும்னு ஆசையா வருது. என்ன பாக்குது? ரெண்டு ஓட்டை.”

“மூக்கு சார்,” என்றார் கிடங்கு மேலாளர்.

“மூக்கு பாக்கறதுக்கு எதுக்குங்க இங்க வரணும்? வீட்லயே ஆளுக்கு ஒண்ணு இருக்குல்ல?”

குழுவினர் இந்தக் கூற்றின் உண்மையை ஏற்றுக்கொண்டார்கள். தொட்டியின் தண்ணீரை முழங்கால் அளவுக்குக் குறைத்துவிடலாம், அப்போது முழு உருவமும் தெரியும் என்றார் இயக்குநர். யாருடைய முழங்கால் என்று கிடங்கு மேலாளர் விவரம் கேட்டார். நீர்யானையுடையதுதான் என்று தீர்மானமாயிற்று. அந்த முழங்கால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அந்த அறையில் கதவோரம் நின்ற ஒருவருக்குத்தான் சரியாகத் தெரியும். அந்த ஆழம் பெரியவரின் வயிற்றைக்கூட நனைக்காது.

அக்கா கதவோரத்திலிருந்து, அவருக்குத் தண்ணியில இருந்தாத்தான் நல்லா இருக்கும் என்று மெல்லச் சொன்னார். ஏன் என்று இயக்குநர் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடுதான் கேட்டார். அக்காவுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. அவருக்குப் பிடிக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பலகையாரைப் பார்த்தார். இயக்குநரும் பலகையாரைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்க. நீங்கதான படிச்சவரு. இதுல விஞ்ஞானத்துக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?”

விஞ்ஞானத்துக்கு ஆட்சேபணை இருந்தது. பெரியவரின் தோல் நாம் நினைப்பதுபோல் கெட்டியான கவசம் அல்ல. வெளிப்புறம் மெல்லியது, ஈரம் போனால் வெயிலில் வெடித்துவிடும், தண்ணீரும் சேறும்தான் அதற்குச் சட்டை. இவ்வளவும் பலகையாரின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் இயக்குநர் அப்போதுதான், பேச்சோடு பேச்சாக, துணை இயக்குநர் பதவிக்கு ‘நம்ம போக்குக்கு ஒத்துவர’ ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தார். பலகையார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“விஞ்ஞானப்படி பாத்தா சார், உயிரினங்கள் சூழ்நிலைக்கு ஏத்தமாதிரி தன்னை மாத்திக்கும். தகவமைப்புன்னு சொல்வோம்.”

அந்த வாக்கியத்தில் ஒரு பொய்கூட இல்லை. அதற்கு எத்தனை லட்சம் ஆண்டுகள் ஆகும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, கூட்டத்தின் நேரம் கருதி.

இயக்குநருக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. தகவமைப்பு, தகவமைப்பு என்று இருமுறை சொல்லிப் பார்த்தார். அதையே பூங்காவின் அந்த ஆண்டு முழக்கமாக அறிவித்தார்: ‘தகவமைவோம், தலைநிமிர்வோம்’. அக்கா தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடப் போனார்.

அன்று மாலை வீட்டில் பலகையார் இதைச் சொன்னார். அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். மாத்திரையைக் கேட்கிறவரிடம் எதற்கு என்று கேட்டுக் கேட்டுப் பழகிப்போனவர். காய்கறி நறுக்கிக்கொண்டே, தண்ணீர் இல்லாவிட்டால் அந்த மிருகத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டார். பலகையார் உற்சாகமாகிவிட்டார். தோலின் அடுக்குகள், அதில் வியர்வைச் சுரப்பி இல்லாதது, அதற்குப் பதிலாகக் கசிகிற செந்நிறத் திரவம், அது வெயிலையும் கிருமியையும் ஓரளவு தடுக்கும் விதம், அந்த ஓரளவுக்கு மேல் போனால் காதுக்குப் பின்னாலும் கால் மடிப்பிலும் எப்படி வெடிக்கத் தொடங்கும் என்பது வரை, ஒரு வகுப்பே எடுத்தார். மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“இவ்வளவு தெளிவா இருக்கே. இதை அப்படியே அங்க சொன்னீங்களாங்க?”

“சொல்றதுக்குன்னு ஒரு முறை இருக்கும்மா.”

“என்ன முறை?”

“சமயம் பாத்துச் சொல்லணும்.”

மனைவி மறுபடி நறுக்க ஆரம்பித்தார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை. பலகையார் அதையும் சொல்லவில்லை.

தண்ணீர் இறங்கியதும் பெரியவர் முழு உருவத்தில் வெளிப்பட்டார். கூட்டம் அலைமோதியது. முதல் சில நாள் அவர் அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே மண்டியிட்டு, ஒருபக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, எப்படியாவது உடம்பை உள்ளே கொடுக்கப் பார்த்தார். வந்தவர்கள் அதை யோகாசனம் என்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒருநாள் உச்சிவெயிலில் அக்கா அலுவலகத்துக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

“சார், பெரியவருக்கு உடம்பெல்லாம் ரத்தமா வருது.”

பலகையார் போய்ப் பார்த்தார். ரத்தமில்லை. கழுத்திலும் முதுகிலும் செந்நிறத் திரவம் முத்து முத்தாக அரும்பி வழிந்துகொண்டிருந்தது. கரையில் நின்ற ஒரு பெண்மணி குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். யாரோ புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். இயக்குநர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது, பலகையார் அவரைத் தேற்றினார். இது வெயிலுக்கு எதிராக அந்த உடம்பே பூசிக்கொள்கிற பூச்சு, இயற்கையானதுதான் என்றார். இயக்குநரின் முகம் மலர்ந்தது.

“அப்ப இது மேக்கப்னு சொல்லுங்க.”

“ஒரு வகையில அப்படியும் சொல்லலாம் சார்.”

மறுநாள் தொட்டியின் முன்னால் புதிய பலகை நின்றது: ‘நமது நீர்யானை, பார்வையாளர்களைக் காணும் மகிழ்ச்சியில் முகம் சிவக்கிறது.’ எழுத்து அழகாக அமைந்திருந்தது. அதைப் படித்துவிட்டு மக்கள் பெரியவருக்குக் கையசைத்தார்கள்.

அந்தப் பூச்சு ஓரளவுக்குத்தான் தாங்கும் என்று பலகையார் சொல்லியிருந்தாரல்லவா, அவர் சொன்னபடியே ஆயிற்று. காதுக்குப் பின்னால் முதல் வெடிப்பு வந்தது. அக்கா குழாயை இழுத்துவந்து முதுகில் தண்ணீர் அடித்தார். சேறு தெறித்துக் கண்ணாடித் தடுப்பு மங்குகிறது என்று குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். வாளியில் ஊற்றினார், வாளிக்குக் கணக்கு கேட்டார்கள். கிடங்கு மேலாளர் வெடிப்பில் ஒரு களிம்பைத் தடவச் சொன்னார். மேசை நாற்காலிக்கு வாங்கியதில் மீதி இருந்தது என்றார். கடைசியில் அக்கா பலகையாரிடம் வந்தார். ஒரு வார்த்தை சொல்லுங்க சார், எனக்கு எடுத்துச் சொல்ல வரமாட்டேங்குது, நான் சொன்னா பாசத்துல பேசறேங்கறாங்க, நீங்க சொன்னா விஞ்ஞானம்னு எடுத்துக்குவாங்க என்றார். பலகையார் அவர் சொன்னதை மறுக்கவில்லை. பூங்காவுக்கு விருது கொடுக்கப்போகிறார்கள், அந்த விழா முடியட்டும், அதன்பிறகு இயக்குநர் நல்ல மனநிலையில் இருப்பார், பேசிவிடலாம் என்று வாக்குக் கொடுத்தார்.

விருது விழாவும் வந்தது. ‘ஆண்டின் சிறந்த காட்சித்தன்மை’ விருதைப் பூங்காவுக்கு வழங்க, தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி தலைமை விருந்தினராக வந்தார். வெள்ளை உடுப்பு, உடுப்பில் மடிப்புக் கலையவில்லை. நீர்யானையோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள விரும்பினார். தொட்டியின் குட்டைச் சுவருக்கு முதுகைக் கொடுத்து, படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். பக்கத்தில் இயக்குநர். அடுத்த வரிசையில் கிடங்கு மேலாளர். அதற்கும் அடுத்த வரிசையில், பதவிக்கு உரிய இடத்தில், பலகையார்.

பெரியவர் மெதுவாகச் சுவரோரம் வந்தார். வந்து, திரும்பினார். கூட்டத்துக்குப் பின்பக்கம் தெரிந்தது. வால் இலேசாகத் துடித்தது.

அதன் பொருள் என்ன என்பது அந்தக் கூட்டத்தில் பலகையாருக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும்; ஆனால் சீருடை அழுக்காக இருக்கிறது என்று அவரைக் கிடங்குப் பக்கம் நிற்கச் சொல்லியிருந்தார்கள். உரக்கக் கத்தினால் காரியம் நடந்திருக்கும். ஆனால் மூன்றாவது வரிசையில் நிற்கிறவர் முதல் வரிசையைப் பார்த்துக் கத்துவது நடைமுறையில் இல்லை. பலகையார் எம்பி, முன்னால் நின்ற கிடங்கு மேலாளரின் காதில், “பின்பக்கத்தைத் திருப்பிடுச்சு, அவரைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க” என்றார். கிடங்கு மேலாளர் இயக்குநரின் காதில், “பின்பக்கம் தள்ளி நிக்கணுமாம்” என்றார். இயக்குநர் குழைந்து, தலைமை விருந்தினரிடம், “சார், இன்னும் கொஞ்சம் பின்னால போனா படம் நல்லா வருமாம்” என்றார்.

தலைமை விருந்தினர் பண்பான மனிதர். பின்னால் போனார்.

தண்ணீர் நிறைந்திருந்த காலத்தில் இந்தக் காரியமெல்லாம் பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். கரையில் இருப்பவருக்குச் சில குமிழிகள் தெரியும். முழங்கால் அளவுத் தண்ணீரில் காட்சித்தன்மை முழுமையாக இருந்தது. விசிறி எவ்வளவு வேகத்தில் சுழலுமோ அவ்வளவு வேகத்தில் வால் சுழன்றது. அலுவலகக் குறிப்பில் இந்த நிகழ்ச்சி ‘எதிர்பாராத ஈரப்பதம்’ என்று பதிவாகியிருக்கிறது. படக்காரர் தொழிலில் கெட்டிக்காரர். எதையும் விடாமல் எடுத்திருந்தார். விருந்தினரால் வந்த காரிலேயே போக முடியவில்லை. அந்தக் காரின் ஓட்டுநர் சம்மதிக்கவில்லை.

விசாரணை நடக்காமல் இருக்குமா? நடந்தது. இயக்குநர் பலகையாரைத் தனியாக அழைத்தார். பலகையார் முன்னால் இரண்டே வழிகள் இருந்தன. இரண்டையும் இயக்குநர் மறைக்காமல் சொன்னார். இது அந்த விலங்கின் இயல்பு என்றால், இயல்பு தெரிந்த கல்வி அலுவலர் ஏன் பலகையில் எழுதி வைக்கவில்லை என்ற கேள்வி வரும். எழுதியிருந்தது, நீங்கள்தான் அழிக்கச் சொன்னீர்கள் என்று பலகையார் சொல்லலாம். அதற்கு அத்தாட்சி கேட்பார்கள். இயல்பு அல்ல, இந்தக் குறிப்பிட்ட நீர்யானையின் துர்க்குணம் என்றால், விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

“யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார் இயக்குநர். “உங்களை நம்பித்தான் இருக்கேன்.”

இதைச் சொன்னபோது இயக்குநரின் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. பலகையாருக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இருபது பக்கத்தில் அறிக்கை எழுதினார். மேற்படி விலங்கு வயோதிகத்தின் காரணமாகச் சிடுசிடுப்பும், பொது ஒழுங்குக்கு மாறான போக்கும் கொண்டிருக்கிறது. இதர நீர்யானைகளுக்கு இதில் பங்கில்லை. ‘இதர நீர்யானைகள்’ என்று யாரும் பூங்காவில் இல்லாததால் மறுப்புச் சொல்ல ஆளில்லை. பெரியவர், ‘ஓய்வு’ என்ற பெயரில், உணவுக் கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகைக்கு மாற்றப்பட்டார். அங்கே தொட்டி கிடையாது. ஒரு குழாய் இருந்தது. அதுவும் ஒழுகும் குழாய்.

பலகையார் ஒருமுறை அங்கே போனார். யாரும் அனுப்பவில்லை, மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் கால் தானாகப் போயிற்று. பெரியவர் அந்தக் குழாயின் அடியில் தலையைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். சொட்டு விழுகிற இடத்தில் நெற்றி இருந்தது. சிமெண்டுத் தரையில் தாடையை அழுத்தி அழுத்தி, இன்னும் கீழே போக இடம் இருப்பதுபோல முயன்றுகொண்டிருந்தார். உச்சியில் இருந்த கண் மட்டும் திறந்திருந்தது. கண், காது, மூக்கு மூன்றும் சரியாக இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. அவற்றுக்குக் கீழே இருக்க வேண்டிய தண்ணீர்தான் இல்லை.

பக்கத்தில் அக்கா வைத்துவிட்டுப் போன வாளியும் செம்பும் இருந்தன. பலகையார் ஒரு செம்பு மொண்டு அந்த முதுகில் ஊற்றினார். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கி மறைந்தது. பெரியவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். இன்னொரு செம்பு மொண்டபோது கிடங்குப் பக்கம் ஏதோ கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பலகையார் செம்பைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கூரையைப் பரிசோதிக்க வந்தவரைப்போல அண்ணாந்து பார்த்தபடி வெளியே நடந்தார். கதவைத் திறந்தது காற்றுதான்.

கோடை முடிவதற்குள் பெரியவர் காலமானார். அக்கா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அந்த இரண்டு நாளும் விடுப்பில் கழிக்கப்பட்டன. இறப்புக்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. கிடங்கு மேலாளர் தமக்கு அவ்வளவு தூரம் மருத்துவம் தெரியாது என்று நேர்மையாக ஒதுங்கிக்கொண்டார். பலகையார் எழுதினார். பழைய நாள்களைப்போல அன்றைக்கு அவருக்கு வெகுநேரம் பிடித்தது. கடைசியில் மூன்று சொற்கள் அமைந்தன: ‘போதிய தகவமைப்பு இன்மை.’

அடுத்த மாதம் அவர் துணை இயக்குநரானார். பாராட்டுக் கூட்டம் பூங்காவின் அரங்கத்தில் நடந்தது. பலகையாரின் மனைவி முன்வரிசையில் அமர்ந்திருந்தார். கைதட்ட வேண்டிய இடங்களில் கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். இயக்குநர் உணர்ச்சியோடு பேசினார். மாற்றம் வந்தபோது எத்தனையோ பேர் முரண்டு பிடித்தார்கள், முணுமுணுத்தார்கள். நமது துணை இயக்குநர் ஒருவர்தான் முதல் நாளிலிருந்தே நிலைமைக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொண்டார், தகவமைப்பு என்றால் என்ன என்று வாழ்ந்து காட்டினார் என்றார். பலகையார் அடக்கமாகத் தலைகுனிந்து கேட்டார். நாமும் சொல்கிறோம், அதில் மிகை ஒன்றும் இல்லை. முதுகெலும்புள்ள பிராணிகளில் இப்படி ஒரு வளைவு அபூர்வம்.

கடைநிலை ஊழியர்கள் சார்பிலும் ஒருவர் இரண்டு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அக்காவைக் கூப்பிட்டார்கள். புதுச் சீருடை கொடுத்திருந்தார்கள். அவருக்கு மேடைப் பழக்கமில்லை. ஒலிவாங்கியை எவ்வளவு தூரத்தில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பலகையார் பக்கம் திரும்பினார்.

“நம்ம பெரியவரு வாயைத் தெறந்தா ஒரு ஆளு உள்ள போய் உக்காந்துக்கலாம். அவ்வளவு பெரிய வாயி. ஆனா பாவம், பேச வராது. அவருக்கும் சேத்துப் பேசறதுக்குத்தான் சாரை இங்க வேலைக்கு வச்சிருக்காங்கன்னு நான் இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். இது பாராட்டுத்தானா என்று அரங்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாராட்டுத்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று, முகத்தில் ஒரு சிரிப்பையும் வரவழைத்துக்கொண்டு, முதலில் கைதட்டியவர் பலகையார்.